உலோகம், அலோகம், உலோகப்போலி: இயற்பியல் பண்புகளால் வகைப்படுத்தல்

தனிமங்களை அவற்றின் பளபளப்பு, தகடாகும் தன்மை, கம்பியாக நீளும் தன்மை, வெப்பத்தையும் மின்சாரத்தையும் கடத்தும் திறன், உருகுநிலை, அடர்த்தி ஆகிய இயற்பியல் பண்புகளைக் கொண்டு உலோகங்கள், அலோகங்கள், உலோகப்போலிகள் என மூன்று வகைகளாகப் பிரிக்கிறோம். ஒரு பொருள் வேறொரு பொருளாக மாறாமலேயே பார்த்தோ, தட்டியோ, அளந்தோ அறியக்கூடிய பண்பே இயற்பியல் பண்பு எனப்படும். காந்தத்தை ஒட்டுவது இரும்பின் இயற்பியல் பண்பு. துருப்பிடிப்பது அதன் வேதியியல் பண்பு.

இன்று அறியப்பட்டுள்ள 118 தனிமங்களில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை உலோகங்கள். அலோகங்கள் ஏறத்தாழ 17. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட உலோகப்போலிகளாகப் போரான், சிலிக்கான், ஜெர்மானியம், ஆர்சனிக், ஆண்டிமனி, டெலூரியம் ஆகிய ஆறும் பொதுவாகக் கொள்ளப்படுகின்றன.

பாடநூல்களில் இப்பண்புகள் ஒரே அட்டவணையில் சமமாக வரிசைப்படுத்தப்படுவதால், எல்லாப் பண்புகளும் ஒரே அளவு நம்பத்தக்கவை என்று மாணவர்கள் எண்ணிவிடுகின்றனர். உண்மை அப்படியன்று. சில பண்புகள் ஏறத்தாழத் தீர்ப்பே சொல்லிவிடும். சில பண்புகள் அடிக்கடி ஏமாற்றும். எது எத்தகையது என்பதை, கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் அதன் மேற்கே உள்ள கல்வராயன் மலையிலும் எளிதில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

## முதற்கேள்வி: இது தனிமமா?

உலோகம், அலோகம், உலோகப்போலி என்ற பிரிவு தனிமங்களுக்கு உரியது. கல், மண், தாது ஆகியவை பெரும்பாலும் சேர்மங்கள் அல்லது கலவைகள். ஆகவே ஒரு பொருளைக் கையில் எடுத்ததும் முதலில் கேட்க வேண்டியது, 'இது தனிமமா?' என்ற கேள்வி.

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. பெரிய கல்வராயன், சின்னக் கல்வராயன் என இரு பிரிவாக அழைக்கப்படுகிறது. சார்னோகைட்டு, நைஸ் வகையைச் சேர்ந்த மிகப் பழமையான பாறைகள் இங்கு உள்ளன. இத்தகைய பாறைப் பகுதிகளில் மாணவர்கள் பொறுக்கி வரும் மூன்று பொருள்கள் பாடத்துக்கு மிகவும் பயன்படும்.

காக்காப்பொன்: மைக்கா என்னும் கனிமத்துக்கு நம் ஊரில் வழங்கும் பெயர் இது. பொன்னைப் போலவோ வெள்ளியைப் போலவோ மின்னும். நகத்தால் கீறினால் மெல்லிய ஏடுகளாக உரியும். ஆனால் சுத்தியலால் தட்டினால் தகடாக விரியாமல் நொறுங்கும். மின்சாரத்தையும் கடத்தாது. பழைய இஸ்திரிப் பெட்டிகளில் சூடேறும் கம்பியைச் சுற்றி வைக்க மைக்கா பயன்பட்டதற்குக் காரணம், அது வெப்பத்தைத் தாங்கும், மின்சாரத்தைத் தடுக்கும் என்பதே. இது சிலிக்கான், அலுமினியம், ஆக்சிஜன் முதலியவை சேர்ந்த சேர்மம்.

வெங்கச்சங்கல்: குவார்ட்சு எனப்படும் வெள்ளைக் கல். சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்தது. சிலிக்கான் உலோகப்போலி என்பதால் இக்கல்லும் உலோகப்போலி ஆகிவிடாது.

கருமணல்: ஓடை மணலில் ஒரு காந்தத்தைத் தாளில் சுற்றி இழுத்தால் கருப்புத் துகள்கள் ஒட்டும். இவற்றில் பெரும்பகுதி மேக்னடைட்டு என்னும் இரும்பு ஆக்சைடு. காந்தம் இழுக்கிறது என்பதற்காக இதை இரும்பு என்று எழுதக்கூடாது. இத்துகளைக் கல்லில் வைத்துத் தட்டினால் பொடியாகும். இரும்பாணியைத் தட்டினால் நசுங்கி விரியும்.

இத்தாதுவிலிருந்து உலோகத்தைப் பிரிக்கும் தொழில் இவ்வட்டாரத்துக்குப் புதிதன்று. சேலத்துக்கு மேற்கே உள்ள கஞ்சமலை மேக்னடைட்டுத் தாதுவுக்குப் பெயர் பெற்றது. சேலம் பகுதித் தாதுவைக் கரியோடு சேர்த்துச் சிறிய மண் உலைகளில் உருக்கி இரும்பு எடுத்தனர். 1830களில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர், வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டையில் பெரிய இரும்பு உருக்காலையை நடத்தினார். கல்வராயன் மலையில் தோன்றும் கோமுகி, மணிமுத்தா ஆகிய ஆறுகளின் நீரும் அந்த வெள்ளாற்றில்தான் சேர்கிறது. உலையில் நிகழ்வது இதுதான்: ஆக்சிஜன் நீங்குகிறது. நொறுங்கும் கருந்தாது, அடித்தால் விரியும் இரும்பாகிறது. தாதுவுக்கும் உலோகத்துக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

பழைய தென்னார்க்காடு மாவட்டத்து மாமண்டூரில் செம்பு, ஈயம், துத்தநாகம் ஆகியவற்றின் சல்பைடுத் தாதுக்கள் கண்டறியப்பட்டுள்ளன. ஈயத்தின் சல்பைடான கலீனா, பார்வைக்கு அசல் உலோகம் போலவே பளபளக்கும். கையில் எடுத்தால் கனக்கும். ஆனால் தட்டினால் சிறு சிறு கனசதுரங்களாக உடையும். ஈயமோ தட்டினால் நசுங்கும்.

## பெயர் சான்றாகாது

கல்வராயன் மலையில் வெள்ளிமலை என்றோர் ஊர் உண்டு. காக்காப்பொன்னில் பொன் உண்டு. இவை பெயர்களே. காரீயம் என்ற சொல் தமிழ்நாட்டில் ஈயத்தைக் குறிக்கும். இலங்கைத் தமிழில் அதே சொல் போகலை, கஹட்டகஹ ஆகிய சுரங்கங்களில் எடுக்கப்படும் கிராஃபைட்டைக் குறிக்கிறது. முன்னது உலோகம், பின்னது அலோகமான கார்பனின் ஒரு வடிவம். பெயரை வைத்து வகைப்படுத்தினால் இவ்விரண்டும் ஒன்றாகிவிடும்.

## உலோகங்கள்

உலோக அணுக்களின் வெளிக்கூட்டில் உள்ள எலக்ட்ரான்கள் தத்தம் அணுவோடு இறுகப் பிணைந்திருப்பதில்லை. அவை உலோகம் முழுவதும் பொதுவாக உலவுகின்றன. உலோகப் பண்புகள் பலவும் ஒன்றாகச் சேர்ந்து வருவதற்கு இந்த ஒரே காரணம் போதும். உலவும் எலக்ட்ரான்கள் மின்னோட்டத்தைச் சுமக்கின்றன; வெப்பத்தையும் விரைந்து பரப்புகின்றன; மேலே விழும் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் பளபளப்பு உண்டாகிறது. அடிக்கும்போது அணு அடுக்குகள் நழுவினாலும், பொதுவான எலக்ட்ரான்கள் அவற்றைப் பிடித்துவைத்திருப்பதால் உலோகம் உடையாமல் விரிகிறது.

* தகடாகும் தன்மை: கொல்லர் பட்டறையில் பழுக்கக் காய்ச்சிய இரும்பை அடித்துக் கொடுவாளும் களைக்கொத்தும் ஆக்குவது இப்பண்பால்தான். இதில் முதலிடம் தங்கத்துக்கு. ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு தடிப்புவரை தங்கத்தை அடித்து விரிக்கலாம்.
* கம்பியாக நீளும் தன்மை: ஒரு கிராம் தங்கத்தை ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளக் கம்பியாக இழுக்கலாம். வீட்டு மின்கம்பிகளில் செம்பு பயன்படுகிறது.
* மின் கடத்தல்: முதலிடம் வெள்ளிக்கு. அடுத்து செம்பு, தங்கம், அலுமினியம். மலைக்குச் செல்லும் மின்தடங்களில் அலுமினியக் கம்பியே தொங்குகிறது. கனசென்டிமீட்டருக்குச் செம்பின் எடை 8.96 கிராம், அலுமினியத்தின் எடை 2.70 கிராம். கம்பத்துக்குக் கம்பம் தூரம் மிகுந்த இடத்தில் எடை குறைவதே முக்கியம்.
* வெப்பக் கடத்தல்: கரும்பு விளையும் கள்ளக்குறிச்சிப் பகுதியில் வெல்லம் காய்ச்சும் கொப்பரை இரும்பால் ஆனது, கிளறும் துடுப்பின் காம்பு மரத்தால் ஆனது. காரணம் சொல்லத் தேவையில்லை.
* ஒலியெழுப்பும் தன்மை: கோயில் மணி செம்பும் வெள்ளீயமும் சேர்ந்த உலோகக்கலவை. பல கிராமப் பள்ளிகளில் மணிக்குப் பதில் தண்டவாளத் துண்டு தொங்கும். கரித்துண்டைத் தட்டினால் அந்த ஓசை வராது.
* உருகுநிலை: இரும்பு 1538, செம்பு 1085, ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். டங்ஸ்டன் 3422 டிகிரிவரை உருகாது. காலியம் 29.8 டிகிரியிலேயே உருகுவதால் உள்ளங்கைச் சூடு அதற்குப் போதும்.

பித்தளை, வெண்கலம், எஃகு ஆகியவை தனிமங்கள் அல்ல, உலோகக்கலவைகள். உலோகப் பண்புகள் இவற்றுக்கும் உண்டு.

## அலோகங்கள்

அறை வெப்பநிலையில் 11 அலோகங்கள் வாயுக்கள்: ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன், ஃபுளூரின், குளோரின், ஹீலியம், நியான், ஆர்கான், கிரிப்டான், செனான், ரேடான். புரோமின் ஒன்றே நீர்மம். கார்பன், பாஸ்பரஸ், கந்தகம், செலினியம், அயோடின் ஆகிய ஐந்தும் திண்மங்கள்.

திண்ம அலோகங்கள் பொதுவாக மங்கலானவை, அடித்தால் நொறுங்குபவை, வெப்பத்தையும் மின்சாரத்தையும் அரிதாகவே கடத்துபவை. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கந்தகம் இவற்றுக்கு நல்ல மாதிரி. மஞ்சள் நிறம், கனசென்டிமீட்டருக்கு 2.07 கிராம் அடர்த்தி, 115 டிகிரியில் உருகுநிலை. கந்தகக் கட்டியைக் கையில் இறுகப் பிடித்துக் காதருகே வைத்தால் மெல்லிய வெடிப்பொலி கேட்கும். கைச்சூட்டில் வெளிப்பக்கம் விரிகிறது; வெப்பம் உள்ளே பரவாததால் உட்பகுதி விரியவில்லை; ஆகவே கட்டி விரிசல் விடுகிறது. வெப்பத்தை அரிதில் கடத்தும் தன்மையை இவ்வாறு காதால் கேட்கலாம்.

## உலோகப்போலிகள்

தூய சிலிக்கான் சாம்பல் நிறத்தில் உலோகம் போல மின்னும். சுத்தியலால் அடித்தால் கண்ணாடி போல உடையும். மின்சாரத்தை உலோகம் அளவுக்குக் கடத்தாது. கந்தகம் அளவுக்குத் தடுக்கவும் செய்யாது. தோற்றத்தில் உலோகம், உடைவதில் அலோகம், கடத்துவதில் நடுநிலை என்பதே உலோகப்போலிகளின் பொதுக்குணம்.

இவற்றைப் பிரித்தறிய உதவும் முக்கியமான பண்பு, வெப்பநிலையோடு கடத்துதிறன் மாறும் விதம். உலோகத்தைச் சூடாக்கினால் அணுக்களின் அதிர்வு கூடி எலக்ட்ரான்களின் ஓட்டத்தைத் தடுப்பதால் கடத்துதிறன் குறையும். சிலிக்கானிலோ ஜெர்மானியத்திலோ பிணைந்திருக்கும் எலக்ட்ரான்கள் சில, சூட்டால் விடுபடுகின்றன. ஆகவே கடத்துதிறன் கூடும். இவ்வகைப் பொருளே குறைகடத்தி எனப்படும். மிகச் சிறிதளவு போரானையோ பாஸ்பரஸையோ கலந்தால் சிலிக்கானின் கடத்துதிறனை நாம் விரும்பியபடி மாற்றலாம். வீட்டுக் கூரையில் வைக்கும் சூரியத் தகடும், கைப்பேசிக்குள் இருக்கும் சில்லும் இதன் பயன்களே. 1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவான முதல் டிரான்சிஸ்டர் ஜெர்மானியத்தால் ஆனது. ஒரு காலத்தில் ஊரெங்கும் ஒலித்த டிரான்சிஸ்டர் வானொலிக்குப் பெயர் வந்தது அதனால்தான்.

உலோகப்போலிகளின் சேர்மங்கள் நமக்குப் பழக்கமானவை. பொற்கொல்லர் பற்றவைக்கும்போது இடும் வெங்காரம் போரானின் சேர்மம். அஞ்சனக்கல் ஆண்டிமனியின் சல்பைடு. பழைய அச்சகங்களின் ஈய எழுத்துகளில் கடினம் கூட்ட ஆண்டிமனி சேர்க்கப்பட்டது.

## அளவுகோல் தவறிய இடங்கள்

பாதரசம். நீர்மமாக ஓடும் பொருளை உலோகம் எனலாமா என்ற ஐயம் நெடுங்காலம் இருந்தது. 1759 டிசம்பரில் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் கடுங்குளிரின்போது பிரான், லோமனோசொவ் ஆகியோர் பாதரசத்தை உறையவைத்துச் சுத்தியலால் தட்டிப் பார்த்தனர். உறைந்த பாதரசம் நொறுங்கவில்லை, விரிந்தது. அதன் உறைநிலை −38.8 டிகிரி செல்சியஸ். ஐயம் தீர்த்தது தகடாகும் தன்மையே.

சோடியம், பொட்டாசியம். 1807இல் ஹம்ப்ரி டேவி மின்னாற்பகுப்பால் இவற்றைப் பிரித்தெடுத்தார். உலோகம் என்றால் கனமாக இருக்க வேண்டும் என்பது அன்றைய எண்ணம். இவையோ நீரைவிட இலேசானவை, கத்தியால் வெட்டலாம். இவற்றை உலோகம் எனச் சொல்லாமல் 'உலோகம் போன்றவை' என்று சொல்லலாம் என 1808இல் சிலர் வாதிட்டனர். பளபளப்பு, கடத்தும் திறன், அடித்தால் விரிதல் எல்லாம் ஒத்துவந்ததால் இவை உலோகங்களாகவே நிலைத்தன. அடர்த்தி என்ற அளவுகோல்தான் பின்தள்ளப்பட்டது.

கிராஃபைட்டும் வைரமும். இரண்டும் கார்பனே. கிராஃபைட்டு மின்னும், மின்சாரத்தைக் கடத்தும். வைரம் இயற்கையில் கிடைப்பவற்றில் மிகக் கடினமானது. வெப்பத்தைச் செம்பைவிடப் பல மடங்கு நன்றாகக் கடத்தும். ஆனால் மின்சாரத்தைக் கடத்தாது. இரண்டும் அடித்தால் உடையும்.

அயோடின். கருஞ்சாம்பல் நிறத்தில் பளபளக்கும் அலோகம்.

பிஸ்மத், மாங்கனீசு. நொறுங்கும் உலோகங்கள். துத்தநாகமும் அறை வெப்பநிலையில் எளிதில் விரியாது. 100 முதல் 150 டிகிரி வரை சூடாக்கினால் தகடாகும்.

## எந்தப் பண்பை எவ்வளவு நம்பலாம்?

| பண்பு | சொல்லும் முடிவு | நம்பகம் |
|---|---|---|
| அறை வெப்பநிலையில் வாயு | அலோகம் | மிக அதிகம் |
| அடித்தால் தகடாதல் | உலோகம் | மிக அதிகம் |
| சூடேறினால் கடத்துதிறன் கூடுதல் | உலோகமாக இருக்க வாய்ப்பு குறைவு | அதிகம் |
| மின்சாரம் கடத்துதல் | உலோகமாக இருக்கலாம் | நடுத்தரம் (கிராஃபைட்டு விலக்கு) |
| நொறுங்குதல் | உலோகமாக இல்லாமலிருக்கலாம் | நடுத்தரம் (பிஸ்மத், மாங்கனீசு விலக்கு) |
| பளபளப்பு | எதுவாகவும் இருக்கலாம் | குறைவு |
| அடர்த்தி, கடினம், உருகுநிலை | துணைச்சான்று மட்டும் | குறைவு |

இவ்வட்டவணையில் முதலிரண்டு வரிகளும் ஒருபக்க விதிகள் என்பதைக் கவனிக்க வேண்டும். வாயு என்றால் அலோகம். ஆனால் அலோகம் என்றால் வாயு என்பதில்லை. விரிந்தால் உலோகம், விரியாவிட்டால் உலோகமில்லை என்பதில்லை.

## வகுப்பறைச் சோதனை

இரும்பாணி, செம்புக்கம்பி, அலுமினியத் தகடு, கந்தகம், அடுப்புக்கரி, இருமுனையும் சீவிய பென்சில், காக்காப்பொன், கருமணல் ஆகியவை போதும். கருவிகளாக ஒரு சுத்தியல், உப்புத்தாள், 1.5 வோல்ட் மின்கலம் இரண்டு, ஒரு சிறு சிவப்பு எல்.இ.டி. விளக்கு, கம்பிகள் வேண்டும்.

1. முதலில் உப்புத்தாளால் தேய்த்துப் புதிய பரப்பைக் காண வேண்டும். துருவும் களிம்பும் மூடிய உலோகம் மங்கலாகத் தெரியும். அதைப் பார்த்து 'பளபளப்பில்லை' என்று எழுதுவது பொதுவான தவறு.
2. கல்மீது வைத்து மெதுவாகத் தட்ட வேண்டும். கண்ணில் சில்லுப் படாதபடி துணியால் மூடிக்கொள்வது நல்லது.
3. சுற்றில் இணைத்து விளக்கு எரிகிறதா எனப் பார்க்க வேண்டும்.

ஆணி, செம்பு, அலுமினியம் மூன்றும் விரியும், விளக்கையும் எரியவைக்கும். கந்தகமும் காக்காப்பொன்னும் உடையும், விளக்கு எரியாது. பென்சிலின் கருங்குச்சி விளக்கை எரியவைக்கும், தட்டினால் உடையும். அது கிராஃபைட்டும் களிமண்ணும் சேர்ந்த கலவை. அடுப்புக்கரி பெரும்பாலும் விளக்கை எரியவைக்காது. மிகுந்த சூட்டில் வெந்த கரி சிறிது கடத்தக்கூடும். கருமணல் துகள் காந்தத்தில் ஒட்டும், தட்டினால் பொடியாகும்.

பென்சில் குச்சியைப் பார்த்து 'மின்னுகிறது, கடத்துகிறது, எனவே உலோகம்' என்று எழுதும் மாணவரை வெறுமனே தவறு என்று அடித்துவிடக்கூடாது. அவர் இரு பண்புகளைச் சரியாகவே கண்டிருக்கிறார். 'தட்டிப் பார்த்தாயா?' என்று கேட்டால் போதும். மூன்றாம் பண்பை அவரே கண்டுகொள்வார்.

## அன்றாட வாழ்வில் கவனிக்க வேண்டியவை

இப்பாடத்தைத் தவறாகக் கற்றால் மதிப்பெண் மட்டும் போவதில்லை.

* அலுமினியத் துறட்டியால் காய் பறிக்கும்போது அது மின்கம்பியில் பட்டால் உயிர் போகும். இலேசாக இருப்பதால் அலுமினியத்தைப் பலர் ஆபத்தற்றதாக நினைக்கின்றனர். ஈரமான மூங்கிலும் மின்சாரத்தைக் கடத்தும். மின்கம்பி அருகே எந்தக் கழியும் கூடாது.
* பன்றிகளைத் தடுக்கக் காட்டோரக் கொல்லைகளில் மின்சாரம் பாய்ச்சிய கம்பிவேலி போடுவது சட்டவிரோதம். கம்பி மெல்லியதாக இருந்தாலும் கடத்தும்.
* பென்சில் குச்சியை ஒருபோதும் வீட்டு மின்துளையில் நுழைக்கக்கூடாது. 'எழுதும் கரிதானே' என்ற எண்ணம் ஆபத்தானது. மேற்சொன்ன சோதனையை மின்கலத்தைக் கொண்டு மட்டுமே செய்ய வேண்டும்.
* பழைய மின்கலத் தகட்டிலிருந்து ஈயத்தை வீட்டு அடுப்பில் உருக்கி வலைக்குண்டு வார்ப்பது உண்டு. ஈயம் எளிதில் உருகுவதே இதற்குத் துணிவு தருகிறது. அதன் தூசியும் புகையும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்.
* உடைந்த வெப்பமானியின் பாதரசத்தைக் கையில் உருட்டி விளையாடக்கூடாது. அறை வெப்பநிலையிலேயே அது நச்சு ஆவியை வெளியிடும். துடைப்பத்தால் பெருக்கினால் மேலும் பரவும். கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு, தடித்த தாளால் துளிகளை ஒதுக்கி எடுத்து, மூடியுள்ள புட்டியில் இட வேண்டும்.

## வகைப்பாட்டின் வரலாறும் எல்லையும்

1789இல் லவாய்சியர் வெளியிட்ட 33 தனிமங்களின் பட்டியலில் உலோகங்களும் அலோகங்களும் தனித்தனிப் பிரிவுகளாக இடம்பெற்றன. இன்று உலோகப்போலியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை 1811இல் பெர்சீலியஸ் அலோகங்களைக் குறிக்கவே பயன்படுத்தினார். இடைப்பட்ட வகை என்ற பொருள் பின்னர் நிலைபெற்றது. 1871இல் மெண்டலீவ், சிலிக்கானுக்குக் கீழே ஒரு தனிமம் இருக்க வேண்டும் என்று கூறி அதன் பண்புகளையும் முன்கூட்டியே கணித்தார். 1886இல் விங்க்லர் கண்டுபிடித்த ஜெர்மானியம் அந்த இடத்தை நிரப்பியது.

தனிம வரிசை அட்டவணையில் போரானில் தொடங்கிப் படிக்கட்டுப் போல இறங்கும் கோட்டின் இருபுறமும் உலோகப்போலிகள் அமைகின்றன. இடப்புறம் செல்லச் செல்ல உலோகத் தன்மையும், வலப்புறம் செல்லச் செல்ல அலோகத் தன்மையும் மிகும். அக்கோடு வேலி போன்றதன்று. பொலோனியம், அஸ்டட்டைன் ஆகியவற்றைச் சில நூல்கள் உலோகப்போலிகளோடு சேர்க்கின்றன, சில சேர்ப்பதில்லை. ஆகவே ஒரு தனிமத்தை வகைப்படுத்தும் விடையில், வகையின் பெயரோடு அதற்குச் சான்றான இரண்டு மூன்று பண்புகளையும், பொருந்தாத பண்பு ஏதேனும் இருந்தால் அதையும் சேர்த்து எழுதுவதே சரியான முறை.